வலைப்பூவும் விக்கியும்: மூத்தம்மாவின் கவிக்கு எது இடம்?

தரம் பதினொன்று பிள்ளைகளுக்குச் சித்தி லெப்பை பற்றி ஓர் ஒப்படை கொடுத்திருந்தேன். வந்த தாள்களில் பாதிக்கு மேல் ஒரே வசனங்கள். “எங்க எடுத்தீங்க?” என்று கேட்டேன். “விக்கியில ஸேர்.” “எழுதினது யாரு?” “விக்கிதான் ஸேர்.” வகுப்பே சிரித்தது. ஒரு பிள்ளை மட்டும் யாரோ ஒருவருடைய வலைப்பூவிலிருந்து எழுதியிருந்தாள். அவளுடைய தாளில் “அவர் சொல்றார்” என்ற சொல் நாலைந்து இடத்தில் வந்தது. சொல்வதற்கு அங்கே ஒரு ஆள் இருந்தார்.

இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பிள்ளைகள் என்னை விட நன்றாகவே சொல்லிவிட்டார்கள். வலைப்பூவுக்கு முகம் இருக்கிறது. விக்கிக்கு இல்லை.

வயதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியை 1995இல் இணையத்தில் வைத்தார். ‘விக்கி’ என்பது விரைவைக் குறிக்கும் ஹவாய் மொழிச் சொல். ‘வெப்லொக்’ என்ற பெயர் 1997இல் வந்து, 1999இல் ‘புளொக்’ என்று சுருங்கியது. விக்கிப்பீடியா 2001இலும் தமிழ் விக்கிப்பீடியா 2003இலும் தொடங்கின.

வடிவம் என்று பார்த்தால் முதல் வேறுபாடு காலம். வலைப்பூவில் புதியது மேலே வரும், பழையது கீழே போகும். அது நாட்குறிப்பின் குணம். நேற்று எழுதியது பிழையென்றால் இன்று இன்னொரு பதிவு எழுதலாம், நேற்றையது அப்படியே கிடக்கும். விக்கிப் பக்கத்துக்கு நேற்று இல்லை. எப்போது திறந்தாலும் அது இன்றைய பக்கம்.

இரண்டாவது, மொழி. வலைப்பூவில் “எங்கட மூத்தம்மா சொல்லுவா” என்று தொடங்கலாம். ஊர்ப்பேச்சு, கோபம், பகிடி எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. விக்கியில் ‘நான்’ வரக்கூடாது, மூத்தம்மாவும் வரக்கூடாது. பலர் கைபட்டுத் தேய்ந்த நடை அது. உப்புக் குறைந்த கறி மாதிரி இருக்கும், ஆனால் எல்லோரும் சாப்பிடலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: நம்பிக்கை. முகம் உள்ளதை நம்பலாம், முகமில்லாததை நம்ப முடியாது என்று நாங்கள் நினைக்கிறோம். உண்மை அவ்வளவு நேரானதல்ல. வலைப்பூக்காரர் தன் பதிவை இரவோடிரவாக மாற்றலாம், அழிக்கலாம். வாசகனுக்குத் தடயமே தெரியாது. விக்கியில் ஒரு சொல்லை மாற்றினாலும் ‘வரலாறு’ பக்கத்தில் நாளும் நேரமும் விழும். நிர்வாகிகள் நீக்கினாலொழிய பழைய வடிவமும் அங்கேயே இருக்கும். முகமில்லை, ஆனால் கால்தடம் இருக்கிறது.

எங்கட கிழக்கின் நாட்டார் கவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பாடியதை இன்னொருத்தி ஒரு சொல் மாற்றிப் பாடுவாள். யார் கட்டியது என்று எவருக்கும் தெரியாது. அதுவும் ஒரு விக்கிதான், வரலாறு பக்கம் இல்லாத விக்கி. எந்தச் சொல் எப்போது விழுந்தது என்று இனி நாங்கள் அறியப்போவதில்லை.

நண்பரொருவர் அப்படியான கவிகளைப் பல வருடம் தேடித்தேடி வலைப்பூவில் போட்டார். பாடியவரின் வயது, ஊர், எந்த வேலை செய்தபடி பாடினார் என்பதெல்லாம் எழுதினார். சொந்த முகவரி வாங்கி நடத்திய வலைப்பூ அது. ஒரு வருடம் சந்தா கட்டத் தவறினார், எல்லாம் போய்விட்டது. பாடிய பெண்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

“விக்கியில போட்டிருக்கலாமே” என்று கேட்பீர்கள். போட்டிருந்தால் ‘சான்று தேவை’ என்று வந்திருக்கும். அச்சிலோ வேறு நம்பகமான இடத்திலோ வராத சொந்தத் தேடலை விக்கிப்பீடியா ஏற்பதில்லை. அந்த விதியைக் குறை சொல்ல முடியாது. 2005இல் ஜோன் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடுத்த பொய் ஆங்கில விக்கிப்பீடியாவில் நாலு மாதமளவு கிடந்தது. விதி இருந்தும் நடந்தது அது, விதியே இல்லையென்றால்?

ஆனால் அச்சேறாமல் வாயிலேயே வாழ்ந்த ஒரு வழக்கை அந்த விதி வாசலில் நிறுத்திவிடுகிறது. வலைப்பூ உள்ளே விடுகிறது, காப்பாற்றுவதில்லை. விக்கி காப்பாற்றுகிறது, உள்ளே விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் எங்கட மூத்தம்மா நிற்கிறா.

அந்த இடைவெளியை அடைப்பது இப்படியான சஞ்சிகைகளின் வேலை. வலைப்பூவில் சுடச்சுட எழுதுங்கள். அதில் தேறியதைச் சஞ்சிகையில் அச்சாக்குங்கள். அச்சானதைச் சான்றாக வைத்து விக்கியில் ஏற்றுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் ஈழத்துப் பழைய இதழ்களை மின்வருடிச் சேர்த்து வைத்திருக்கிறது. அதுவும் விக்கி மென்பொருளில்தான் இயங்குகிறது. வழி திறந்துதான் கிடக்கிறது. நடக்கத்தான் ஆளில்லை.

இம்முறை ஒப்படையை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். விக்கியின் கட்டுரை வேண்டாம், அதன் வரலாறு பக்கத்தைப் பார்த்து மூன்று மாற்றங்களை எழுதி வாருங்கள் என்றேன். கூடவே வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு கவி கேட்டு, அவர் பெயர், ஊர், திகதி போட்டு எழுதவும் சொன்னேன். நேற்று முதல் கொப்பி வந்தது. கவி நாலு வரி. அதன் கீழே, “மூத்தம்மாக்கு மூணாவது வரி மறந்திட்டு, மாமி சொல்லித் தந்தா” என்று எழுதியிருந்தது. வரலாறு பக்கம் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்கு இனி நான் விளக்கத் தேவையில்லை.