மூத்தவர் யார்? பரதனா, இலக்குவனா?

இராயபுரத்தில் மஃரிபுக்குப் பின் என்னிடம் இலக்கணம் கேட்க வரும் இளைஞர் ஒருவர், சென்ற மாதம் ஒருநாள் அயோத்தியா காண்டத்தைக் கையில் ஏந்தி வந்தார். துறைமுகத்தில் கணக்கெழுதுபவர், விடாது வினவும் இயல்பினர். குகனைக் கோசலைக்குப் பரதன் அறிமுகம் செய்துவைக்கும் பாட்டை எடுத்துக் காட்டினார். குகன் எவரெவர்க்கு மூத்தவன் என்று சொல்லும் பரதன், இலக்குவனை முதலிலும், அவன் தம்பியை அடுத்தும், தன்னைக் கடைசியிலும் வைக்கின்றான். “அப்படியானால் பரதன்தான் கடைக்குட்டியா ஹஜ்ரத்?” என்பது அவர் கேள்வி.

நான் சிரித்துவிட்டு, “உமக்கு ‘வாவ்’ பாடம் மறந்துபோயிற்றா?” என்றேன். அரபு இலக்கணத்தில் ‘ஃபா’வும் ‘ஸும்ம’வும் முன்பின் வரிசையைக் காட்டும், ‘வாவ்’ சேர்க்குமேயன்றி வரிசைப்படுத்தாது. ஆல இம்ரான் அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தில் மர்யம் அம்மையாருக்கு இடப்படும் கட்டளையில் ஸுஜூது முன்னும் ருகூஉ பின்னும் வருவதை நஹ்வு ஆசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். தமிழின் எண்ணும்மையும் அத்தகையதே. பரதன் தன்னைக் கடைசியில் சொன்னது அடக்கத்தால், பிறப்பால் அன்று.

இளைஞரின் ஐயம் இவ்வளவில் தீர்ந்தது. ஆயின் எனக்கு அதன் பின்னர்தான் தொடங்கிற்று. ஏனெனில் இக்கேள்வி வடமொழி மூலத்தில் மெய்யாகவே ஒரு சிக்கல்.

தென்னாட்டில் வழங்கும் வான்மீகப் பாடத்தில் பிறந்த நாள்மீன்கள் சொல்லப்படுகின்றன. இராமனுக்குப் புனர்பூசம், பரதனுக்குப் பூசம், சுமித்திரையின் மக்கள் இருவர்க்கும் ஆயிலியம். இதன்படி பரதன் இரண்டாமவன். ஆனால் பாயசம் பங்கிட்ட வரிசையோ வேறு. பாதி கோசலைக்கு, எஞ்சியதில் பாதி சுமித்திரைக்கு, அதன்பின் எஞ்சியதில் பாதி கைகேயிக்கு, மீதி அரைக்கால் மீண்டும் சுமித்திரைக்கு. இதை வைத்துப் பார்ப்பவர், இரண்டாவதாக உண்டவள் மகனாகிய இலக்குவனே இரண்டாமவன் என்று சொல்ல இடமுண்டு. போதாக்குறைக்கு யுத்த காண்டத்தின் இறுதியில் பரதன் இலக்குவனையும் சீதையையும் அணுகி வணங்கினான் என்று பொருள்படும் ஒரு சுலோகமும் இருக்கின்றது. அண்ணன் தம்பியை வணங்குவானா? வணக்கம் சீதைக்கு மட்டுமே உரியது, இலக்குவனை அணுகினான் என்பதோடு அவன் செய்தி முடிந்தது என்று உரைகாரர் பிரித்துப் பொருள் காண்பர். ஏடுகளோ வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக வேறுபடுகின்றன. பரோடா கீழ்த்திசை நிறுவனம் 1960 முதல் 1975 வரை வெளியிட்ட ஆய்வுப் பதிப்பைப் புரட்டுவோர்க்கு அவ்வேறுபாடுகளின் பெருக்கம் விளங்கும்.

இரண்டு அறிவிப்புகள் முரண்படுமாயின் முதலில் இணக்கிப் பார்ப்பதும், இயலாதபோதே ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்வதும் முஹத்திதுகளின் வழி. சகோதரர்களை அறிதல் என்பதையே ஹதீஸ் கலையின் தனிப் பிரிவாக இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு 1245) தம் நூலில் வைத்திருக்கின்றார். அவ்வழி நின்று பார்த்தால், நாள்மீன் பிறப்பைப் பற்றிய நேர்ச்சொல். பாயசமோ ஊகத்திற்கு மட்டும் இடம் தருவது. முதலில் உண்டவள் முதலில் ஈன்றாள் என்று எங்கும் சொல்லப்படவில்லை. நேர்ச்சொல் இருக்க ஊகத்தை நாடுவது முறையன்று. சுலோகத்திற்கு உரைகாரர் சொல்லும் அமைதி சற்று வலிந்ததே என்றாலும், நாள்மீன் அவர் பக்கம் நிற்கின்றது.

இனிக் கம்பனிடம் வருவோம். திருவொற்றியூரில் வட்டப்பாறை நாச்சியார் தீப்பந்தம் ஏந்தி நிற்க, கம்பன் இரவில் பாடினான் என்பது எங்கள் வடசென்னையில் வழங்கும் செவிவழிச் செய்தி. அந்த வெளிச்சத்தில் இந்த முரண்பாடும் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும்! அவன் நூலில் பாயசம் கோசலைக்கு, அடுத்துக் கைகேயிக்கு, அதன்பின்னரே சுமித்திரைக்கு. சிதறிய எச்சமும் சுமித்திரைக்கே. உண்ட வரிசையும் பிறந்த வரிசையும் ஒன்றாகிவிட்டன. காளிதாசனின் இரகுவமிசத்திலும் கோசலையும் கைகேயியும் பங்கு பெற்றுத் தத்தம் பங்கிலிருந்து சுமித்திரைக்கு அளிப்பதாக வருதலின், இம்மாற்றம் முழுவதும் கம்பனுக்கே உரியது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அதன் பயனை முழுவதும் கொண்டவன் கம்பனே.

அப்பயன் யாது? பரதனுக்கு முடி என்று கேட்ட கோசலை, அது முறையன்று என்னும் ஒரு குறையைத்தான் சொல்கின்றாள். குணத்தால் அவன் குறையற்றவன் என்று உடனே தேறுகின்றாள். இலக்குவன் பரதனுக்கு மூத்தவனாயின், தாண்டப்பட்ட மூத்தவர் ஒருவரல்லர், இருவர். கோசலையின் பெருந்தன்மை பக்கத்திலிருக்கும் சுமித்திரையின் இழப்பைக் காணாத பெருந்தன்மையாகிவிடும். சித்திரகூடத்தில் படை வரக் கண்டு வில்லெடுத்த இலக்குவன், பரதனின் கோலத்தைக் கண்டதும் வில்லும் கண்ணீரும் ஒருங்கே நிலத்தில் விழ நிற்கின்றானே, அந்த நாணமும் தமையன்மேல் வில்லெடுத்த தம்பியின் நாணமாக இருக்கும்போதுதான் நெஞ்சைச் சுடுகின்றது.

நம் பராயிள் சட்டத்தில் மூத்த மகனுக்கும் இளைய மகனுக்கும் பங்கு ஒன்றே. மூப்பு பார்த்துச் சொத்துப் பிரிக்காத வீட்டிலிருந்து வந்த எனக்கு இக்கதையின் மூப்பில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு. மு. இசுமாயீல் அவர்கள் கம்பனை ஆய்ந்தபோது அவரை எவரும் அப்படிக் கேட்கவில்லை. அவர் நடந்த தடத்தில் ஓரமாக நடப்பவன் நான்.

அடுத்த வாரம் இளைஞர் மீண்டும் வந்தார். “இரட்டையருள் மூத்தவர் யார் ஹஜ்ரத்?” என்றார். பாட்டைக் காட்டினேன். வான்மீகத்தில் ஆயிலியம் ஒன்றிலேயே அடங்கிய இருவரைக் கம்பன் பிரித்து, இலக்குவனை ஆயிலியத்திலும் சத்துருக்கனை மகத்திலும் வைத்திருக்கின்றான். சுமித்திரை மறுபடியும் ஈன்றாள் என்று தனியே ஒரு செய்யுளும் செய்திருக்கின்றான். இங்கே ‘வாவ்’ இல்லை, ‘ஸும்ம’ இருக்கின்றது என்றார் அவர்.