அளவாய்க் காற்று

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சில சுற்று ஓடிவந்த காரின் டயருக்குக் காற்று பார்ப்பது நுட்பமான கலை. கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவே போதாதா என்பார்கள். அது சாலைக்கானது, ஆறிய டயருக்கானது. தடத்தில் ரப்பர் சூடேறினால் 32 பிஎஸ்ஐ 38-ஐத் தொட்டுவிடும். டயரின் நடுப்பகுதியே தரையில் அழுந்த, பிடிமானம் குறையும். அதற்காகக் கண்டபடி இறக்கினால் பக்கச்சுவர் மடங்கி ஓரம் தேயும். ஓடுமுன் டயரின் ஓரத்தில் போட்ட சாக்பீஸ் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்பதே அளவு சரியா என்பதற்குச் சாட்சி. சூடு தணியுமுன் கேஜை வைத்து, வால்வை ‘உஸ்’ஸென்று ஒரு நொடி அழுத்தி, மறுபடி பார்த்து, நான்கு டயரையும் தனித்தனியே சரிசெய்யும் பொறுமை அழகானது. ஒன்றிரண்டு பிஎஸ்ஐயில் என்ன வந்துவிடும் என்று கேட்பவருக்கு வளைவில் ஸ்டீயரிங் பதில் சொல்லும். சாலைக்குத் திரும்புமுன், டயர் ஆறியதும் மறக்காமல் காற்றேற்றுவதும் இந்தத் திறமையில் சேர்த்திதான்.