வயலுக்குப் போகும் போன் எது?

2021 ஆகஸ்ட்டில் மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பணியாளர்கள், அரசு கொடுத்த ஸ்மார்ட்போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். 2019இல் வழங்கப்பட்ட அந்தப் போன்களில் ரேம் 2 ஜிபிதான். 2021இல் அறிமுகமான, ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியை அவற்றில் திறந்தால் போன் சூடானது, அடிக்கடி நின்றது. போதாக்குறைக்குச் செயலி ஆங்கிலத்தில் இருந்தது. மொத்தமாக ஆயிரக்கணக்கில் போன் வாங்கும்போது விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் தேட வேண்டியதில்லை.

களப்பணிச் செயலிகள் அதன்பிறகு இன்னும் கனத்துவிட்டன. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்திருந்த நிலையில், வேளாண் கல்லூரி மாணவர்களை அந்த வேலைக்கு இறக்கினார்கள். வீட்டில் உட்கார்ந்து நிரப்பும் படிவம் இல்லை அது. சர்வே எண்ணுக்குரிய நிலத்திலேயே போய் நின்று, பயிரைப் படம் பிடித்து, உட்பிரிவு வாரியாகப் பதிய வேண்டும். ஜிபிஎஸ், கேமரா, வரைபடம் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும், அதுவும் வெயிலில். தொண்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் கோபோகலெக்ட், நில அளவைக் குழுக்கள் விரும்பும் கியூஃபீல்டு போன்ற செயலிகளின் பாடும் இதேதான்.

இப்படியொரு குழுவுக்கு வாங்கத் தகுந்தவை என்று மூன்று சாம்சங் கருவிகளை எடுத்துக்கொள்ளலாம்: கடைகளில் எளிதில் கிடைக்கும் கேலக்ஸி ஏ16 5ஜி, களப்பணிக்கென்றே செய்த எக்ஸ்கவர்7, எட்டு அங்குல டேப் ஆக்டிவ்5.

காகிதத்தில் பார்த்தால் ஏ16தான் ஜெயிக்கும். 8 ஜிபி ரேம், 5,000 எம்ஏஎச் பேட்டரி, ஆறு ஆண்டு மென்பொருள் அப்டேட் என்ற உறுதி. அறிமுக விலை 18,999 ரூபாய். 2024 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த எக்ஸ்கவர்7 அப்போது சுமார் 27,000 ரூபாய். அதில் ரேம் 6 ஜிபி, பேட்டரி வெறும் 4,050 எம்ஏஎச். கூடுதலாக எட்டாயிரம் கொடுத்துக் குறைவாக வாங்குவானேன் என்று கணக்குப் பிரிவு கேட்கும். கேள்வி நியாயம்தான்.

பதில் போனின் முதுகில் இருக்கிறது. எக்ஸ்கவர்7இன் பின்மூடியை ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் கழன்று வருகிறது. உள்ளே கையால் எடுக்கக்கூடிய பேட்டரி. காலையில் போட்டது மதியம் இறங்கிவிட்டால், சட்டைப்பையில் இருக்கும் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு அடுத்த வரப்புக்கு நடக்கலாம். பவர்பேங்கையும் ஒயரையும் தொங்கவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டு ஆண்டு கழித்துப் பேட்டரி தேய்ந்துபோனாலும் சர்வீஸ் சென்டருக்குப் போனை அனுப்பிவிட்டு ஆள் சும்மா இருக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. பேட்டரி மாற்றினால் போன் அணைந்து மறுபடி உயிர்பெற வேண்டும். பாதி நிரப்பிய படிவத்தைச் சேமிக்காமல் கழற்றினால் போச்சு. மூடியைத் திரும்பப் போடும்போது சுற்றிவர நன்றாக அழுத்த வேண்டும். ஓர் ஓரம் எழும்பி நின்றாலும் ஐபி68 என்ற தண்ணீர்த் தடுப்புக்குப் பொருளில்லை. எடை 240 கிராம். நாள் முழுக்கக் கையில் பிடித்தால் கனம் தெரியும்.

ஏ16க்கு இருப்பது ஐபி54. தூசிக்கும் சாரலுக்கும் தாங்கும், வாய்க்காலில் விழுந்தால் தாங்காது. எக்ஸ்கவர் விளம்பரத்தில் வரும் ‘எம்ஐஎல்-எஸ்டிடி-810எச்’ என்ற அமெரிக்க ராணுவத் தரத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ராணுவம் சோதித்து முத்திரை குத்தித் தருவதில்லை. அதிலுள்ள பல சோதனைகளில் சிலவற்றைத் தேர்ந்து நிறுவனமே நடத்திக்கொள்ளலாம். எந்தெந்தச் சோதனை, எவ்வளவு உயரத்திலிருந்து எதன்மீது போட்டார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது உத்தமம்.

ஜிபிஎஸ் விஷயத்தில் விலை பெரிதாக வேலை செய்வதில்லை. திறந்த வானத்தின் கீழ் சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லும். கோபோகலெக்ட்டும் வேறு அமைப்பு தராதவரை 5 மீட்டர் துல்லியம் கிடைத்த பிறகுதான் புள்ளியைத் தானாக ஏற்கிறது. வரப்பில் நின்றால் செயலி காட்டும் அந்தத் துல்லிய எண் சட்டென்று இறங்கும். தென்னந்தோப்புக்குள் அதே எண் 14, 11, 9 என்று இழுத்தடிக்கும். பத்து மீட்டர் அகலப் பட்டை நிலத்தில் 5 மீட்டர் பிசகினாலே பக்கத்துக்காரர் உளுந்து இவர் கணக்கில் ஏறிவிடலாம். எல்லைக் கல்லையே குறிக்கும் வேலையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த போனும் போதாது; புளூடூத்தில் இணையும் ஆர்டிகே என்ற உயர்துல்லிய ஜிபிஎஸ் ரிசீவர் தனியாக வாங்கத்தான் வேண்டும்.

ரேம் எங்கே உதைக்கும் என்றால், படம் எடுக்கும் இடத்தில். செயலி கேமராவைத் திறந்ததும் நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு பின்னால் இருக்கும் படிவத்தையே மூடிவிடும். திரும்பி வந்தால் முதல் பக்கம். வான்வழிப் படங்களை அடுக்கி வைத்த கியூஃபீல்டு திட்டத்துக்கு 6 ஜிபி குறைந்தபட்சம், 8 இருந்தால் நிம்மதி. இந்த ஓர் இடத்தில் ஏ16க்கே வெற்றி. சில நிறுவனப் போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று, நடந்த தடத்தைப் பதிந்துகொண்டிருக்கும் செயலியைத் திரை அணைந்ததும் கொன்றுவிடுவதும் உண்டு. செயலிக்கு அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டே போனை ஆள் கையில் கொடுக்க வேண்டும்.

டேப்லெட் எல்லோருக்கும் தேவையா? படிவம் நிரப்புகிறவருக்கு வேண்டாம். ஒரு கையில் குடையோ அளவு நாடாவோ பிடித்திருப்பவரால் 433 கிராம் எடையுள்ள டேப் ஆக்டிவ்5ஐ மறுகையில் வைத்து ஓட்ட முடியாது. ஆனால் புல வரைபடத்தின்மேல் வரப்பை வரைந்து திருத்துகிற ஆளுக்கு எட்டு அங்குலத் திரையும் கூடவே வரும் எஸ் பென் என்ற திரைப் பேனாவும் வேறு உலகம். ஈர விரலால் தடவித் தடவிக் கோடு போடும் அவதி இல்லை. இதிலும் பேட்டரியைக் கழற்றலாம். பேட்டரியே இல்லாமல் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் வசதியும் இருப்பதால் ஜீப்பில் பொருத்திவைக்கத் தோது.

ஐபேட் வாங்க நினைக்கும் அலுவலகங்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். வைஃபை மட்டும் உள்ள மாடலில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடும் மாடலில்தான் உண்டு. அடுத்து, ஆப்பிள் குறிப்பிடும் பயன்பாட்டு வெப்பநிலையின் மேல்வரம்பு 35 டிகிரி. மே மாதத்தில் வேலூர் 40ஐத் தாண்டும் ஊர்.

பத்துப் பேர் குழுவுக்கென்றால் கணக்கு இப்படி வரும்: கரடுமுரடான இடத்தில் நாள் முழுக்க நிற்கும் ஆறேழு பேருக்கு எக்ஸ்கவர்7, ஆளுக்கொரு மாற்றுப் பேட்டரியோடு. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறவர்களுக்கு ஏ16, தடித்த உறை போட்டு. வரைபடம் திருத்துகிறவருக்கு மட்டும் ஒரு டேப் ஆக்டிவ்5. மொத்த ஆர்டர் போகும் முன் ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கி, அந்த வேலையைச் செய்யப்போகிற ஆளிடமே கொடுத்து, நண்பகல் பன்னிரண்டு மணி வெயிலில் உண்மையான படிவத்தை நிரப்பச் சொல்ல வேண்டும். திரையில் எழுத்து தெரியவில்லை என்று அவர் நிழலைத் தேடி ஒதுங்கினால், அந்த மாடலைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.