ஒரு நூல், இரு வாசகங்கள்: சிப்ரியனும் திருச்சபைத் தலைமையும்

கி.பி. 251இல் கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியன் இலத்தீன் மொழியில் எழுதிய 'திருச்சபையின் ஒருமை' எனும் சிறுநூல், தொடக்ககாலக் கிறித்தவத்தில் தலைமை பற்றிய சிந்தனையை வடிவமைத்த நூல்களுள் முக்கியமானது. இறையியல் நூலாகவே அது பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும், தம் அதிகாரம் ஆட்டங்கண்டிருந்த வேளையில் ஒருவர் எழுதிய நூல் அது என்பதை மறந்துவிட்டால், அதன் வலிமையும் புலப்படாது, குறையும் புலப்படாது.

உரோமப் பேரரசின் குடிகள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டுமென்ற பேரரசர் டெசியசின் ஆணை 250இல் நடைமுறைப்படுத்தப்பட்டது. பலியிட்டோர்க்குச் சான்றுச் சீட்டு வழங்கப்பட்டது. எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட பாபிரஸ் ஏடுகளில் அத்தகைய சீட்டுகள் பல கிடைத்துள்ளன. கார்த்தேஜில் பெருந்தொகையினர் பணிந்தனர். பணியாதோர் சிறையையும் சித்திரவதையையும் ஏற்றனர். சிப்ரியனோ தலைமறைவாகி, கடிதங்கள் வாயிலாகச் சபையை நடத்தினார்.

இங்குதான் சிக்கல் எழுந்தது. நம்பிக்கையில் தவறியவர்கள் மீண்டும் சபையில் சேர விரும்பியபோது, சிறையிலிருந்த சாட்சியர் அவர்களுக்கு மன்னிப்புக் கடிதங்களைத் தாராளமாக வழங்கினர். துன்பத்தைத் தாங்கியவரின் சொல்லுக்கு மக்களிடையே பெருமதிப்பு இருந்தது. மன்னிக்கும் உரிமை யாருடையது? உடலால் விலை கொடுத்தவருடையதா, பதவியில் அமர்ந்தவருடையதா? ஒளிந்திருந்த ஆயர் இக்கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று.

சிப்ரியனின் விடை திட்டவட்டமானது. சபையின் ஒருமை ஆயரில் நிலைகொள்கிறது. ஆயர்கள் அனைவரும் ஒரே அதிகாரத்தைப் பங்கிட்டு வகிக்கின்றனர். துன்பம் ஏற்றவரும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவரே. தியாகம் மதிப்புக்குரியது, எனினும் அது தனியொரு ஆட்சியுரிமையாகாது என்ற இந்த வாதம், தன்னலம் கலந்ததாகத் தோன்றினும், சபை சிதறாமல் காத்த வாதமாகும்.

ஆனால் ஆயர்களே தமக்குள் மாறுபட்டால் என்ன செய்வது? நூலில் இதற்கு விடையில்லை. இந்த வெற்றிடத்தின் தடயத்தை அதன் நான்காம் அதிகாரத்தில் காணலாம். அது இரு வடிவங்களில் நமக்குக் கிடைக்கிறது. ஒன்று, ஈஸா (அலை) அவர்களின் சீடரான பேதுருவின் முதன்மையையும் இருக்கையையும் வலியுறுத்துகிறது. மற்றொன்று, ஏனைய சீடர்களும் அவருக்குச் சமமான அதிகாரம் பெற்றவர்களே என்பதை முன்னிறுத்துகிறது. முதல் வடிவம் உரோமாபுரியின் ஆதரவாளர் செய்த இடைச்செருகல் என்றே பலர் கருதிவந்தனர். இருபதாம் நூற்றாண்டில் கையெழுத்துப் படிகளை நுணுகி ஆராய்ந்த மோரிஸ் பெவனோ, இரண்டும் சிப்ரியன் எழுதியவையே என்றும், அவரே பின்னர் திருத்தினார் என்றும் வாதிட்டார். இன்று பலர் ஏற்கும் கருத்து இதுவே.

திருத்தத்துக்கான காரணம் ஊகிக்கத்தக்கது. பிரிந்து சென்ற குழுவினர் அளித்த திருமுழுக்கு செல்லுமா என்ற விவாதத்தில் உரோமாபுரி ஆயர் ஸ்டீபன் செல்லும் என்றார், சிப்ரியன் மறுத்தார். 256இல் கார்த்தேஜில் கூடிய 87 ஆயர்கள் சிப்ரியனின் பக்கம் நின்றனர். பேதுருவின் பெயரால் ஒருமையை நிறுவ எழுதிய வரிகள், பேதுருவின் வாரிசாகத் தம்மைக் கருதியவரின் கையில் தமக்கெதிரான ஆயுதமாகக்கூடும் என்பதை ஆசிரியர் அப்போது உணர்ந்திருக்க வேண்டும்.

சிப்ரியன் 258இல் வாளுக்கு இரையாகி உயிர்த்தியாகி ஆனார். பதவியின் அதிகாரமும் துன்பத்தின் அதிகாரமும் இறுதியில் ஒரே மனிதரில் இணைந்தன. ஆனால் நூல் விட்டுச்சென்ற கேள்வியை அம்மரணம் தீர்க்கவில்லை. 314இல் ஆர்ல் நகரில் கூடிய மேற்கத்திய ஆயர்கள், திருமுழுக்கு விவகாரத்தில் ஆப்பிரிக்க வழக்கத்தைக் கைவிடுமாறு முடிவு செய்தனர். அவரைப் புனிதராகப் போற்றிய சபையே அவரது தீர்ப்பை ஒதுக்கியது. ஒருமை வேண்டும் என்பதை ஆற்றலுடன் நிறுவிய அந்நூல், கருத்து வேற்றுமையை யார், எம்முறையில் தீர்ப்பது என்பதைச் சொல்லாமல் விட்டது. தலைமை பற்றிய எந்த நூலையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே முறை.