கால்தான் பிரேக் என்பவர்களுக்கு

சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல், பொதுப் பாதையில் ஓடும் சைக்கிளுக்குக் குறைந்தது ஒரு கை பிரேக்காவது இருந்தாக வேண்டும். சியோலில் பள்ளி மாணவன் ஒருவன் பிரேக் இல்லாத ஃபிக்ஸியில் (பின்சக்கரத்தோடு பெடலும் சேர்ந்தே சுழலும் ஒற்றைக் கியர் சைக்கிளில்) இறக்கத்தில் வந்து மோதி இறந்த பிறகு, 2025 ஆகஸ்டில் தென்கொரியப் போலீஸ் அத்தகைய வண்டிகளைத் தடுத்து நிறுத்தும் வேலையில் இறங்கியது. ஜப்பானில் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் கட்டாயம். 2011 வாக்கில் டோக்கியோ தெருக்களில் இதற்காகப் பலரைப் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஃபிக்ஸி அன்பர்களிடமிருந்து வரும் மறுப்பு ஒன்றுதான். சட்டம் போடுகிறவர்களுக்கு இந்த வண்டி புரியவில்லை, இதில் கால்தான் பிரேக், ஓட்டத் தெரியாதவன் விழுந்ததற்கு வண்டி என்ன செய்யும் என்கிறார்கள். குறைந்த விலையில் ஒரு ஃபிக்ஸி வாங்கித் தினமும் வேலைக்குப் போய்வரலாம் என்று நினைப்பவரின் காதிலும் இதே வாதம்தான் ஓதப்படுகிறது. இது தவறான வாதம். வண்டியின் விலை இறங்க இறங்க அந்தத் தவறு ஆபத்தாகவும் ஆகிறது.

ஃபிக்ஸியின் நல்ல குணங்களை மறுப்பதற்கில்லை. கியர் கேபிள் கிடையாது, ஷிஃப்டர் கிடையாது, இடித்தால் வளைந்துபோகும் டீரெய்லர் கிடையாது. ஒரு செயின், முன்னும் பின்னும் ஒவ்வொரு பல்சக்கரம், அவ்வளவுதான். அதே பணத்துக்கு வாங்கும் கியர் சைக்கிளைவிட எடை குறைவாக இருக்கும், செலவும் அடிக்கடி வைக்காது. சிங்கப்பூர் போலப் பெரும்பாலும் சமதளமான ஊரில் ஒரே கியர் தாராளமாகப் போதும். பின்சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழல்வதால், சாலையின் வேகம் நேராகக் காலுக்குத் தெரிகிறது. அந்த ருசி பழகியவர்கள் அதை விடமாட்டார்கள் என்பதும் புரிகிறது. என் வழக்கு இவற்றோடு இல்லை. ஓடுவதில் இந்த வண்டி மேல். நிற்பதில்தான் எனக்குப் பல ஆண்டுகளாகத் தீராத மறுப்பு இருக்கிறது.

கால்தான் பிரேக் என்ற எண்ணம் பந்தயத் திடலிலிருந்து வந்தது. வெலோட்ரோமில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், குறுக்கே யாரும் வருவதில்லை. பின்னால் ஒரு சாண் இடைவெளியில் ஆள் வரும்போது முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் கொத்தாக விழுவார்கள். ஆகவே பிரேக் இல்லாதிருப்பதே அங்கே பாதுகாப்பு. ஜப்பானின் கோகுராவில் 1948-ல் தொடங்கிய கெய்ரின் பந்தயமும் அப்படித்தான் நடக்கிறது. அங்கே சட்டகம், ஹப், பல்சக்கரம் என்று ஒவ்வொன்றும் என்.ஜே.எஸ். என்ற தர முத்திரை பெற்றிருந்தால்தான் களத்தில் இறங்கலாம் என்பதை நம் அன்பர்கள் மறந்துவிடுகிறார்கள். 1980-களில் நியூயார்க்கின் கூரியர்கள் இந்த வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். நாள் முழுக்க அதே தெருக்களில் ஓட்டி, எந்த டாக்ஸி எப்போது கதவு திறக்கும் என்பதுவரை அறிந்தவர்கள் அவர்கள். 2012-ல் வந்த ‘பிரீமியம் ரஷ்’ படத்தின் நாயகன் பிரேக் இல்லாமல் மன்ஹாட்டனைக் கடப்பதைப் பார்த்துவிட்டு வண்டி வாங்கியவருக்கு அந்தப் பாடம் வராது, வண்டி மட்டும்தான் வரும்.

இன்னும் பின்னால் போனால், 1880-களில் வந்த முதல் நவீன சைக்கிள்கள் எல்லாமே ஃபிக்ஸிதான். 1900-ஐ ஒட்டி, பெடல் நின்றாலும் சக்கரத்தைச் சுழலவிடும் ஃப்ரீவீல் பரவியதும், வேலைக்கும் சந்தைக்கும் போய்வந்த மக்கள் பழையதைக் கைவிட்டார்கள். தினசரி ஓட்டத்தில் எது உதவும் என்ற கேள்விக்கு, தினமும் ஓட்டியவர்களே அன்று சொன்ன பதில் அது.

சரி, காலால் நிறுத்துவது என்றால் என்ன? பெடலுக்கு எதிராக அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். அவசரம் என்றால் உடலை ஹேண்டில்பார் மேல் சாய்த்துப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, கால்களைப் பூட்டி, டயரைத் தேய்த்துக்கொண்டே போய் நிற்கலாம். ஸ்கிட் என்று இதைத்தான் பெருமையோடு காட்டுகிறார்கள். எந்த வண்டியும் வேகம் குறையும்போது எடை முன்பக்கம் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. ஆகப் பின்சக்கரத்தை மட்டும் நம்புகிறவர், காய்ந்த சாலையில்கூட, ஈர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறையக் கால் பங்கு அளவுக்குத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். நல்ல முன்பிரேக் இருந்தால் பாதி வரை போகலாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கணக்குப் போட்டால் முன்னதற்கு 10 மீட்டர், பின்னதற்கு 5 மீட்டர். சட்டென்று கதவு திறக்கும் காரும், பேருந்து நிறுத்தத்திலிருந்து செல்பேசியைப் பார்த்தபடி இறங்குகிறவரும் அந்த மிச்ச 5 மீட்டருக்குள்தான் இருப்பார்கள். எத்தனை ஆண்டுப் பழக்கமும், எவ்வளவு உரமேறிய தொடையும் இந்த எல்லையைத் தள்ளிவைக்க முடியாது. மாலை மழையில் நனைந்த தார்ச்சாலையில் நிலைமை இன்னும் மோசம்.

நாங்கள் தொலைவிலேயே பார்த்து ஓட்டுகிறவர்கள் என்று இதற்கு ஒரு பதில் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் பிரேக் இருப்பதே பார்க்கத் தவறிய பொருளுக்காக.

விலை குறைந்த வண்டியில் இதெல்லாம் இன்னொரு தளத்துக்குப் போகிறது. கடையில் அப்படி ஒரு வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு மரை வரிசைகள் தெரியும். உள்ளே இருப்பதில் பல்சக்கரம் வழக்கமான திசையில் ஏறுகிறது. வெளியே சற்றுச் சிறிதாக இருப்பதில் லாக்ரிங் என்ற வளையம் எதிர்த்திசையில் ஏறுகிறது. முன்னோக்கி மிதிக்கும்போது பல்சக்கரம் தானாக இறுகும். எதிராக அழுத்தும்போது அது கழல முயலும். அதைத் தடுத்து நிற்பது அந்த மெல்லிய வளையமும் சில சுற்று மரையும்தான். வளையத்தை யாராவது அரைகுறையாக முடுக்கியிருந்தால், ஒவ்வொரு முறை கால் அழுத்தும்போதும் பல்சக்கரம் ஒரு மயிரிழை அசையும். மட்டமான அலுமினிய ஹப்பில் அந்த அசைவு மரையைத் தின்றுகொண்டே வரும். ஒரு நாள் மரை முற்றிலும் உரிந்துவிடும். எதிராக அழுத்தினால் கால் காற்றை மிதிப்பதுபோல் சுற்றும், வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். இதைவிட மோசமானதும் உண்டு. எதிர்த்திசை மரையே இல்லாத சாதாரண ஹப்பில் பல்சக்கரத்தை முடுக்கி, மேலே வேறு ஒரு வளையத்தையும் பசையையும் போட்டு ஃபிக்ஸி ஆக்கிவிடுகிறார்கள்.

செயினுக்கு வருவோம். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பெடலை மெதுவாகச் சுற்றியபடி, செயினின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். முன் பல்சக்கரம் சரியான வட்டமாக இல்லாத வண்டியில் ஒரு இடத்தில் செயின் விறைப்பாகவும், அரைச்சுற்று தள்ளித் தொய்வாகவும் இருக்கும். மட்டமான முன் பல்சக்கரங்களில் இது சாதாரணம். விறைப்பான இடத்தைப் பார்த்துச் சக்கரத்தை முடுக்கினால் தொய்ந்த இடத்தில் செயின் கழல வாய்ப்பு வரும். தொய்ந்த இடத்தைப் பார்த்து முடுக்கினால் விறைப்பான இடத்தில் பேரிங் தேயும்.

இங்கேதான் அந்த வாதம் எனக்குப் பொறுக்கமுடியாததாகிறது. சாதாரண சைக்கிளில் செயின் அறுந்தால் வண்டி ஓடுவது நிற்கும், பிரேக் இருக்கும், ஓரங்கட்டலாம். பிரேக் இல்லாத ஃபிக்ஸியில் செயின் அறுந்தால் நிறுத்தும் வழியும் கூடவே அறுந்துபோகிறது. ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரே செயினில், ஒரே லாக்ரிங்கில் தொங்குகின்றன. விலையைக் குறைக்கத் தயாரிப்பாளர் முதலில் கை வைப்பதும் அந்த ஹப்பிலும் பல்சக்கரத்திலும்தான். வாங்குகிறவர் கண் அங்கே போவதில்லை, ரிம்மின் நிறத்தில் நிற்கிறது. கால்தான் பிரேக் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பிரேக்கை வண்டியிலேயே மிக மலிவான பாகத்தில் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை யாரும் சொல்வதில்லை.

கால் பெடலிலிருந்து நழுவுவது இன்னொன்று. இறக்கத்தில் பெடல் வேகமெடுத்துச் சுழலும்போது ஒரு கால் தப்பினால், சுழலும் பெடலில் அதைத் திரும்ப வைப்பது தேர்ந்தவருக்கே கடினம். அதனால்தான் கூரியர்கள் காலைப் பட்டையால் பெடலோடு கட்டிக்கொண்டார்கள். மலிவு வண்டிகளில் பல, பட்டை இல்லாத வெறும் பெடலோடு வருகின்றன. அப்படி ஒரு வண்டியில் பிரேக்கைக் கழற்றிவிட்டு, அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் சரிவில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை இறங்கினால், அவன் காலில் இருப்பது எந்த அர்த்தத்தில் பிரேக்?

பணக் கணக்கும் நிற்காது. ஸ்கிட் அடித்து நிறுத்துகிறவர் டயரைத் தின்கிறார். எவ்வளவு சீக்கிரம் என்பது பற்களின் கணக்கில் இருக்கிறது. முன்னே 48 பல், பின்னே 16 என்றால் விகிதம் சரியாக 3. ஒரே காலைப் பூட்டி நிறுத்துகிறவருக்கு ஒவ்வொரு முறையும் டயரின் ஒரே இடம் தேயும். பின்னே 17 பல் போட்டால் தேய்வு 17 இடங்களுக்குப் பரவும். 46-க்கு 16 என்றால் 8 இடங்கள். இந்தக் கணக்கு தெரிந்தவர் ஒரு பல்லை மாற்றிக்கொள்கிறார். தெரியாதவர் புது டயரில் நூல் தெரிவதைப் பார்த்துக் கடைக்காரரோடு சண்டை போடுகிறார்.

முன்பே இதைச் சரியாகப் பிரித்துப் பார்த்த சட்டம் பிரிட்டனுடையது. அங்கே 1983-ன் விதிகள் ஃபிக்ஸியைத் தடை செய்யவில்லை. பின்சக்கரத்தைக் கால் பார்த்துக்கொள்ளட்டும், முன்சக்கரத்துக்குத் தனியாக ஒரு பிரேக் வை என்கின்றன. ஒன்று போனாலும் மற்றது நிற்கும் என்பதே அதன் அடிப்படை. 2016 பிப்ரவரியில் லண்டனின் ஓல்ட் ஸ்ட்ரீட்டில் முன்பிரேக் இல்லாத பந்தய சைக்கிளில் வந்த பதினெட்டு வயது இளைஞர் மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். மறு ஆண்டு அந்த இளைஞருக்கு 18 மாதச் சிறை விதித்தார்கள், அதுவும் 1861-ன் பழைய சட்டம் ஒன்றைத் தேடி எடுத்து. அவர் அப்போது எவ்வளவு தூரத்தில் நின்றிருக்க முடியும் என்று நிபுணர்களும் சைக்கிள்காரர்களும் இன்றுவரை வாதாடுகிறார்கள். எனக்கு அந்த மீட்டர் கணக்கு இரண்டாம் பட்சம். அப்போதே முப்பது வருடத்துக்கும் மேலாக எழுதிவைத்திருந்த விதிப்படி ஒரு லீவர், ஒரு கேபிள், இரண்டு ரப்பர் கட்டை அங்கே இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

குறைந்த பணத்தில் வாங்குகிறவருக்கு நான் சொல்வது கறாராகத் தோன்றலாம். இருபக்கமும் மரையுள்ள ஹப் கொண்ட வண்டியை வாங்குங்கள். ஒரு பக்கம் ஃபிக்ஸி, மறுபக்கம் ஃப்ரீவீல். இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் வையுங்கள். வேலைக்குப் போகும் நாட்களில் ஃப்ரீவீல் பக்கத்தை மாட்டிக்கொள்ளுங்கள். அப்படியானால் அது ஃபிக்ஸியே இல்லையே என்பார்கள். இல்லைதான். வேலைக்குப் போய்வர எளிமையும் எடைக்குறைவும்தான் வேண்டும் என்றால் அந்த இரண்டும் ஃப்ரீவீலிலும் அப்படியே கிடைக்கின்றன. காலில் உணரும் அந்த ருசி மட்டும் கிடைக்காது. அது வேண்டும் என்கிறவர் ஃபிக்ஸி பக்கத்தையே ஓட்டட்டும், முன்பிரேக்கைக் கழற்றாமல். வண்ண ரிம்முக்கும் அகலமான ஸ்டிக்கருக்கும் போகிற காசை நல்ல ஹப்புக்கும், கொஞ்சம் கூடுதல் பிடிப்புள்ள பிரேக் கட்டைக்கும் கொடுக்கட்டும். பற்கள் 44-க்கு 17 அல்லது 18 போதும். 48-க்கு 16 கேட்பதற்கு வேகமாக இருக்கும், சிக்னலில் இருந்து கிளம்பவும் கனம், தடுக்கவும் கனம்.

கடைக்குள் போனதும் முதலில் ஃபோர்க்கின் தலையில் பிரேக் போல்ட்டுக்குத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளை இல்லாத ஃபோர்க்கைப் பந்தய ஃபோர்க் என்று சிறப்பித்துச் சொல்வார்கள். அதில் நாளை மனம் மாறினாலும் முறையாக ஒரு பிரேக்கைப் பொருத்த முடியாது. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.