அலுவிகாரை சொல்லும் கணக்குப் பாடம்

மாத்தளை நகரைத் தாண்டித் தம்புள்ளைக்குப் போகும் வீதியோரத்தில் அலுவிகாரைப் பாறைக்குகைகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக ஓதிவந்த பாளித் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்கேதான் ஓலையில் ஏறியது என்பது பௌத்த மரபு. பஞ்சமும் போரும் ஓதத் தெரிந்த துறவிகளைக் குறைத்துக்கொண்டே வந்தன. எஞ்சியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடத் தீர்மானித்தார்கள். எழுதிய பிறகும் ஓதுவதை நிறுத்தவில்லை. 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படை அந்த விகாரையின் சுவடிகளை அழித்தது. திரிபிடகம் பிழைத்தது, அதன் படிகள் வேறு இடங்களில் இருந்தன.

அன்று ஓதலை ஓலைக்கு மாற்றியதுபோல, பழைய கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவதா வேண்டாமா என்று இதே மாவட்டத்தில் இன்று பலர் யோசிக்கிறார்கள்: மிளகும் கறுவாவும் வாங்கும் வியாபாரி, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் மொத்தக் கடைக்காரர், மலைத்தோட்டத்து அலுவலகம். பெரும்பாலும் பேச்சு விலையில் தொடங்கி வேகத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பதிவைத் தேடி நாளை யார் வருவார், எத்தனை ஆண்டு கழித்து வருவார்?

அதற்கு விடை தேடுமுன் மாற்றத்தின் பலத்தைப் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம். நூற்றுக்கணக்கான பேருக்கு மாதந்தோறும் இதைக் கையால் போடும்போது பிழை நேர்வது இயல்பு. அந்தப் பிழை ஓர் ஏழையின் சேமிப்பில் போய் விழுகிறது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. விகிதம் மாறும் ஒவ்வொரு முறையும் மென்பொருளில் ஓர் இடத்தில் திருத்தினால் போதும்.

இவற்றைவிடப் பெரிய பலம் படியெடுக்கும் வசதி. 1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. கடையோடு கடன் கொப்பியும் எரிந்துபோனால், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது. நெருப்புக்கும் தண்ணீருக்கும் முன்னால் ஒற்றைக் கொப்பி நிற்காது.

ஆனால் கணினிக்கு மாற்றினாலே படி உண்டாகிவிடும் என்று நம்புவது ஆபத்து. 2023இல் இலங்கை அரசின் முகிற்கணினி கப்பம் கேட்கும் நச்சுநிரலால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலத்துக்குத் தனியாக ஒதுக்கி வைத்த பிரதி இருக்கவில்லை. ஓர் அரசுக்கே இந்த நிலை என்றால், கடையின் ஒரே கணினியை நம்பிக் கொப்பிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடுபவர் என்ன செய்வார்?

அடுத்த குறை, மாற்றும் வழியிலேயே பொருள் சிதைவது. இலங்கையில் பல அலுவலகங்கள் நீண்ட காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தன. அந்தக் கோப்பை ஒருங்குறி மட்டும் அறிந்த மென்பொருளில் ஏற்றினால் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். முன்கூட்டியே மாற்றியில் போட்டு, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். பழைய தோட்டக் கணக்கில் தேயிலைக் கொழுந்து றாத்தலில் இருக்கும், புதியதில் கிலோவில் இருக்கும். 2016 முதல் அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கமாகிவிட்டதால், 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டைக்காரர் புதிய அட்டை எடுத்ததும் கணினிக்கு இரண்டு ஆளாகிவிடலாம். தோட்டத் தொழிலாளரின் பெயரையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோலில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயரோடு மலையகத்தார் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவசரமாக ஏற்றினால் அந்தப் பிழை மென்பொருளிலும் நிலைத்துவிடும்.

செலவையும் சொல்லியாக வேண்டும். 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. டொலரில் மாதக் கட்டணம் வாங்கும் மென்பொருளின் விலையும் கூடவே ஏறியது. அதே ஆண்டு ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு நடந்தது. கட்டணம் நின்றாலும் மின்சாரம் நின்றாலும் தன் கணக்கைத் தானே திறந்து பார்க்க வழி இருக்கிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். வியாபாரியின் கடன் கொப்பியைத் தேடி வருபவர்கள் கடன்காரரும் வரி அதிகாரியும்தான். அவர்களுடைய காலம் சில ஆண்டுகள். ஆகவே இருபது வருடக் கொள்வனவை வரி வரியாகத் தட்டச்சு செய்வது வீண் உழைப்பு. வரி ஆண்டு தொடங்கும் ஏப்ரல் 1ஆம் திகதியின் மீதிகளை மட்டும் ஏற்றி, இரண்டு மூன்று மாதம் கொப்பியையும் கணினியையும் சேர்த்தே ஓட்டி, இரண்டின் மீதியும் ஒத்துவந்தபின் கொப்பியை மூடலாம். சட்டம் கேட்கும் காலம்வரை அது அலுமாரியில் இருக்கட்டும்.

செக்ரோலின் கதை வேறு. சேமலாப நிதியை ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுக்கலாம். 18 வயதில் பேர் பதிந்த பெண், 32 ஆண்டு கழித்து அந்தப் பதிவைத் தேடி வருவாள். அத்தனை காலம் மாறாமல் இருக்கும் மென்பொருள் ஏது? தோட்டங்களே 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் முகாமைக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பதிவேடும் கைமாறியது. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் தொடர்ந்து வசித்ததற்கு ஆதாரம் கேட்டபோது, தோட்டத்துப் பதிவு சம்பளக் கணக்காக மட்டும் இருக்கவில்லை. ஒரு குடும்பம் இந்த மண்ணில் இருந்தது என்பதற்குச் சாட்சியாக நின்றது. அது கம்பனியின் உடைமை மட்டுமல்ல, தொழிலாளியின் உடைமையும்கூட. அதில் ஒரு தாளையும் கழிக்கும் உரிமை எந்த முகாமையாளருக்கும் இல்லை. பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பெயர், ஆண்டு, பக்க எண் மட்டும் தேடத் தக்கதாகத் தட்டச்சு செய்து, ஒரு படியைத் தோட்டத்துக்கு வெளியே வைத்து, மூலத்தையும் காக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது? மென்பொருள் நிறுவனத்தின் சலுகை முடியும் திகதியை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. அந்தப் பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த, சுருக்கக் குறிகளின் பொருள் அறிந்த, ஒரே பெயருடைய இரண்டு ராமாயிகளை வேறுபடுத்தத் தெரிந்த கணக்கப்பிள்ளை ஓய்வுபெறும் நாள்தான் நமக்கான கெடு. அவர் பக்கத்தில் இருக்கும்போது தொடங்குங்கள். அலுவிகாரைத் துறவிகள் செய்தது அதைத்தான்.