குருதியில் வருவதா கூர்மதி?

"அறிவு அந்தக் குடும்பத்துக்கு இரத்தத்திலேயே ஊறியது!" - இப்படிப் படித்தவரே பேசுகின்றனர், பள்ளியில் நம் மாணவரும் சொல்லக் கேட்கிறோம். இந்தப் பேச்சுக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிய நூல் ஒன்று உண்டு. பிரான்சிஸ் கால்ட்டன் 1869-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'பரம்பரை மேதைமை' அது.

1660 முதல் 1865 வரை இங்கிலாந்தில் பதவி வகித்த 286 நீதிபதிகளின் குடும்பங்களை அவர் ஆராய்கிறார். ஒன்பதில் ஒருவருக்கு மேற்பட்டோர் மற்றொரு நீதிபதிக்குத் தந்தை, மகன் அல்லது உடன்பிறந்தார்! ஆகவே திறமை பிறப்பால் வருவது என்கிறார். உழைப்பை நாம் பாராட்டுகிறோம், முடிவை ஏற்பதற்கில்லை. நீதிபதியின் மகனுக்கு வீட்டிலே நூலகம், வாசலிலே வழக்கறிஞர் கூட்டம், பரிந்துரைக்கத் தந்தையின் நண்பர்கள்! சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு?

இக்கேள்வி எழுமென அவரும் அறிவார். அதனால்தான் போப்பாண்டவர்கள் வளர்த்த உறவுப் பிள்ளைகளைச் சான்றுக்கு அழைக்கிறார். செல்வாக்கு இருந்தும் அவர்கள் ஒளிரவில்லையாம். அந்த இத்தாலியக் குடும்பங்களைத் தனிக் கவனத்துடன் ஆராயவில்லை என்று அவரே ஒப்புக்கொள்ளவும் செய்கிறார்! கடைக்காலே ஆட்டம் காண்கிறது.

வேடிக்கை என்னவெனில், குருதி வழியே பண்பு இறங்குகிறதா என்று சோதித்தவரும் இதே கால்ட்டன்தான். ஓரின முயல்களுக்கு வேறின முயல்களின் குருதியை ஏற்றினார். பிறந்த குட்டிகளில் கலப்பின் சுவடே இல்லை. 1871-இல் அதை வெளியிட்டார். 'இரத்தத்தில் ஊறியது' என்ற சொல் அன்றே செத்திருக்க வேண்டும்!

அவருக்குக் கிட்டாத இரு சொற்களை டென்மார்க்கின் யோகான்சன் 1909-இல் தந்தார். பெற்றோரிடமிருந்து வந்த ஜீன்களின் அமைப்பு ஜீனாக்கம். கண்ணுக்குப் புலப்படும் உருவும் இயல்பும் புறத்தோற்றம். ஜீனாக்கமும் சூழலும் கூடி விளைவதே புறத்தோற்றம். தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பீன்ஸ் செடி ஒன்றின் வழிவந்த விதைகளில், பெரியவற்றைத் தனியே, சிறியவற்றைத் தனியே விதைத்துப் பார்த்தவர் அவர். இரு விளைச்சலிலும் விதைகளின் சராசரி எடை ஏறத்தாழ ஒன்றே! மண்ணும் நீரும் செய்த வேறுபாடு அந்த விதையோடு நின்றது, சந்ததிக்குச் செல்லவில்லை. (அந்த 1903-ஆம் ஆண்டு ஆய்வை அவர் காணிக்கையாக்கியது கால்ட்டனுக்கே!)

கால்ட்டன் எண்ணியது புறத்தோற்றத்தை. தீர்ப்பு வழங்கியதோ ஜீனாக்கத்தைப் பற்றி. அறிவில் ஜீனுக்குப் பங்கே இல்லை என்று நாம் வாதிடவில்லை. அதை அளக்கும் கோல் நீதிபதிகளின் பட்டியல் அன்று என்கிறோம்.

ஏட்டுப் பிழைதானே என்பீர்களா, தோழர்களே? 'இனமேம்பாட்டியல்' என்று 1883-இல் பெயர் சூட்டியவரும் கால்ட்டனே. அந்தக் கொள்கையின் பேரால், கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் தாய், அவள், அவள் மகள் - மூன்று தலைமுறையும் அறிவு குன்றியதாம்! மகள் விவியனுக்கு அந்த முத்திரை குத்தப்பட்டபோது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. பின்னர் அவள் பள்ளிக்குச் சென்றாள். சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். 1932-இல், எட்டு வயதில், நோயுற்று இறந்தாள்.